மூன்றாவது கூப்பாடு

அத்தியாயம் பதினொன்று

அரக்குச் சிவப்பு உடம்பு, கடுகுப்பூ மஞ்சள் கரை. கொசுவம் மடிக்கும்போதே குழல்வாய்மொழிக்கு விரல் நுனிகள் சில்லிட்டுப் போயின. மார்கழிக் குளிர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நேற்று முழுவதும் அது வேறொருத்தியின் புடவையாக இருந்தது. மணைமேல் வைத்துப் பூச்சாத்தி, முன்னால் தலைவாழை இலை விரித்து, வடிவுக்குப் பிடித்த சொதியும் இஞ்சித் துவையலும் படைத்திருந்தார்கள். மூத்தாள் படையல். செத்துப்போன முதல் மனைவிக்கு வருஷம் ஒரு புதுப்புடவை கொடுத்துவிட்டு, மறுநாள் அதை இரண்டாவதாக வந்தவள் உடுத்த வேண்டும். தென்காசியில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். இந்த வீட்டில் மட்டும் அதோடு இன்னொன்றும் உண்டு. அதை நாத்தனார் ஆவுடையம்மாள் இன்று காலையில் மறுபடியும் சொன்னாள்.

"ஏளா, ஞாபகம் இருக்கட்டும். பொழுது சாஞ்சு வெளக்கேத்துத வரைக்கும் இந்தப் பொடவ ஒன் மேல இருக்கும். பின்னால இருந்து ஆரு கூப்பிட்டாலும் ஒடனே திரும்பிராத. மொதக் கூப்பாடும் ரெண்டாங் கூப்பாடும் அவளுக்கு. மூணாவதுதான் ஒனக்கு."

"நான் திரும்பிட்டா என்ன ஆகும் மதினி?"

"அவளுக்கு உள்ளத நீ எடுத்துக்கிட்டேன்னு ஆகும்." ஆவுடையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நம்ம வச்சிருக்கதுல ஒண்ண அவ எடுத்துக்கிடுவா."

எதை என்று குழல் கேட்கவில்லை. அந்த வீட்டில் எடுத்துக்கொள்ளும்படியாக இருந்தது ஒன்றுதான். அது இப்போது முக்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பெயர் உலகம்மாள். வயது ஐந்து.

கல்யாணமாகி வந்த ஆவணி மாதத்திலிருந்து உலகு அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா இல்லை, சித்தி இல்லை. பசித்தால் "இந்தா, பசிக்குது" என்று காற்றைப் பார்த்துச் சொல்லும். மற்றபடி குறையே சொல்ல முடியாத பிள்ளை. ஊட்டினால் சாப்பிடும், குளிப்பாட்டினால் குளிக்கும். அந்த ஒரு வார்த்தை மட்டும் அதனிடமிருந்து வரவில்லை. குழல் அதற்காகத்தான் நான்கு மாதமாகக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு அவளுக்கு இப்போது பசி மாதிரி ஆகிவிட்டது.

"ரெட்டச் சடை வேண்டாம்," என்றது உலகு.

"ரெட்டச் சடைதான் ஒனக்கு அழகா இருக்கு தாயி. செவப்பு ரிப்பன் கட்டுதேன், பாரு."

"கண்ணாடி வீட்டுக்குப் போனா ஒத்தச் சடைதான். முடிச்சு போட்டு."

என்ன முடிச்சு என்று குழலுக்குத் தெரியாது. தெரிந்தவள் இல்லை. இரட்டைச் சடையே பின்னினாள். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவளை வதைத்தது.

பனி விழத் தொடங்கிய நாள் முதல் உலகு கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் கண்ணாடி வீட்டைத்தான். குற்றாலத்தில் எவனோ ஒரு துரை தன் செடிகளுக்காகக் கட்டிவிட்டுப் போனது. இப்போது பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் போட்டிருந்தார்கள். மார்கழி தை மாதங்களில் பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள், வெளியே விளையாடிக் குளிர்ந்தால் உள்ளே போய்க் கதகதப்பாக நிற்பார்கள். வடிவு வருஷம் தவறாமல் வருவாளாம்.

படையல் மறுநாளில் போக வேண்டாம் என்று ஆவுடையம்மாள் தடுத்துப் பார்த்தாள். ஆனால் யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து ரயில்வே தந்தி குமாஸ்தாவான குழலின் கணவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கிடைப்பதே அபூர்வம். இன்றைக்கு விட்டால் பங்குனிதான்.

"போவோம்," என்று குழல்தான் பிடிவாதமாகச் சொன்னாள். வடிவு கூட்டிப்போன இடத்துக்குத் தானும் கூட்டிப்போனால், திரும்பி வரும்போது பிள்ளை தன்னுடையதாகிவிடும் என்று ஒரு கணக்கு அவளுக்குள் இருந்தது.

* * *

வில்வண்டியில் அவள் கணவன் சிவனணைந்தபெருமாள் முன்பக்கம் உட்கார்ந்திருந்தான். வலது கை ஆள்காட்டி விரல் வண்டிச் சட்டத்தில் தட்டிக்கொண்டே வந்தது. டக், டக்டக், டக்.

அந்தப் பழக்கம் அவனுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. சங்கரன்கோவிலில் தாய்வீட்டுக்குப் போயிருந்த வடிவு காலராவில் போய்விட்டாள் என்ற தந்தியைத் தென்காசி ஸ்டேஷனில் வாங்கி எழுதியவன் அவன்தான். பாதி எழுதிய பிறகுதான் யாருடைய சாவு என்று தெரிந்ததாம். முழுவதையும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தானாம். காலரா என்பதால் அங்கே யாரும் காத்திருக்கவில்லை. மறுநாள் ரயிலில் அவன் போய்ச் சேர்ந்தபோது காட்டப்பட்டது சாம்பல்தான். பாட்டியோடு தென்காசியிலேயே இருந்துவிட்ட உலகு அதைக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டியும் அடுத்த வருஷமே போய்விட்டாள்.

"பொடவ நல்லா இருக்கு," என்றான் அவன், திரும்பாமல்.

"மதினி எடுத்தது."

"புளியங்குடித் தறி," என்று ஆவுடையம்மாள் பெருமையாகச் சொன்னாள். "ஜோடியா எறங்குச்சாம். ரெண்டையும் எடுத்திருப்பேன். நான் போகுததுக்குள்ள ஒண்ண எவளோ தட்டிக்கிட்டுப் போயிட்டா."

ஆவுடையம்மாளின் மகள் முப்பிடாதிக்கு ஏழு வயது. வாய்க்கு எழுபது. "அத்தே அத்தே அத்தே!" என்று குழலின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரே மூச்சில் கத்தினாள். "மூணாச்சு. இப்பத் திரும்பலாம்."

வண்டியே சிரித்தது. குழலும் சிரித்தபடி திரும்பினாள். உலகு மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் புடவையின் கரையை ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது.

* * *

தோட்டத்து வாசலில் காவலும் தோட்ட வேலையும் சேர்த்துப் பார்க்கிற பலவேசம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான். அருவிப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. மலை முகத்தைப் பாதிவரை மஞ்சு மூடியிருந்தது.

"வாங்க, வாங்க. பிள்ளைக ஊஞ்சல்ல ஆடட்டும். உள்ள வந்தா செடியத் தொடப்புடாது. தொட்டா வாடிப்போவும். வாடுனா என்னய வேலய விட்டு அனுப்பிருவாக."

சொல்லிக்கொண்டிருந்தவன் குழலைப் பார்த்ததும் நிறுத்தினான். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

முதல் அரைமணி நேரம் நல்ல பொழுதாகவே போனது. பெருமாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊஞ்சலைத் தள்ளினான். முப்பிடாதி சறுக்கில் தலைகீழாக வந்து பாவாடையைக் கிழித்துக்கொண்டு, "கெழியல, தையல் விட்டுப்போச்சு," என்று வாதாடினாள். எல்லோரும் புல்லில் ஜமுக்காளம் விரித்து எண்ணெய் மிளகாய்ப்பொடி தடவிய தோசையைத் தின்றார்கள். உலகு இரண்டு தோசை தின்றது. குழல் அதை மனத்துக்குள் எண்ணி வைத்துக்கொண்டாள்.

பிறகு உலகு எழுந்து வந்து அவள் முன்னால் நின்றது. "இந்தா. உள்ள போவோம்."

தானாகக் கையை நீட்டியது. நான்கு மாதத்தில் முதல் தடவை. அந்தச் சின்னக் கை தோசை எண்ணெயில் பிசுபிசுத்தது. குழல் அதை விடாமல் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"போயிட்டு வாங்க," என்றான் பெருமாள். "நான் இவளுக்குக் கிழிசல மறைக்க ஊசி தேடுதேன்."

* * *

கதவைத் தள்ளியதும் சூடான ஈரம் முகத்தில் மோதியது. மண்வாசனை, பாசிவாசனை, எங்கோ அழுகிய பூவின் இனிப்பு. நான்கு புறமும் கண்ணாடி. அதன் மேல் நீர் முத்து முத்தாகக் கோத்து வழிந்தது. வெளியே இருந்த உலகம் முழுக்கக் கரைந்து பச்சையும் சாம்பலுமாகத் தெரிந்தது. முப்பிடாதியின் கூச்சல்கூட எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல் கேட்டது.

உலகுக்கு வழி தெரிந்திருந்தது. கல்தொட்டியைச் சுற்றி, குழந்தை விரல்களைப் போல் சுருண்ட தளிர்களை நீட்டிக்கொண்டிருந்த செடிகளைத் தாண்டி, அவளை இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ஒரு மரக்கட்டையில் ஒட்டி வளர்ந்திருந்த வெள்ளைப் பூங்கொத்தின் முன்னால் நிறுத்தியது.

"இது தூங்குத பூ. மெதுவாப் பேசணும்."

"ஆரு சொன்னா?"

பிள்ளை அவள் கையை விட்டது.

குழல் குனிந்து பூவைப் பார்த்தாள். ஆறு இதழ்கள், நடுவில் மஞ்சள் நாக்கு. தூங்குகிற மாதிரிதான் இருந்தது. இதைச் சொன்னவள் இதே இடத்தில் இதே மாதிரி குனிந்திருப்பாள் என்று நினைத்தபோது பின்கழுத்து குறுகுறுத்தது.

"அம்மா."

பின்னாலிருந்து. உலகின் குரல்.

குழலின் உடம்பு முழுவதும் திரும்பத் துடித்தது. ஆனால் கழுத்து திரும்பவில்லை. மொதக் கூப்பாடு அவளுக்கு. ஆவுடையம்மாளின் குரல் காதுக்குள் உட்கார்ந்திருந்தது. நான்கு மாதம் ஏங்கிய வார்த்தை. வந்தது தனக்குத்தானா? இந்தப் புடவைக்கா? எடுத்துக்கொண்டால் எது போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா."

இரண்டு. இன்னும் ஒன்றுதான். சொல்லு தாயி, இன்னும் ஒரு தடவை. குழல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த கண்ணாடியையே பார்த்தாள். வழிகிற நீருக்குப் பின்னால் அரக்குச் சிவப்பு தெரிந்தது, கடுகுப்பூ மஞ்சள் கரையும் தெரிந்தது. தன் நிழல்.

அந்த நிழல் தலையைத் திருப்பியது.

குழல் தலையைத் திருப்பவில்லை.

அவள் உறைந்து நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிற்பாடு பலமுறை யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் சொட்டியது. மூன்றாவது கூப்பாடு வரவே இல்லை.

திரும்பினாள். கல்தொட்டி, செடிகள், ஈரத் தரை. பிள்ளை இல்லை.

* * *

"உலகு! ஏ உலகு!"

அவள் போட்ட சத்தத்தில் பெருமாள் ஊஞ்சலை விட்டு ஓடிவந்தான். ஆவுடையம்மாள் ஒரு கையில் ஊசியும் நூலுமாக வந்தாள். முன்கதவு வழியாக யாரும் வெளியே வரவில்லை. அவர்கள் எல்லோரும் அதன் எதிரில்தான் இருந்தார்கள். கண்ணாடி வீட்டுக்குள் மூன்று தடவை சுற்றினார்கள். செடிகளை விலக்கிப் பார்த்தார்கள். கல்தொட்டிக்குள் பெருமாள் தோள்வரை கையை விட்டுத் துழாவியதைக் குழலால் பார்க்க முடியவில்லை.

"பொறத்தால கதவு உண்டுல்லா?" என்று கத்தினான்.

"இருக்கு. ஆனா மேல்தாப்பா. நானே எட்டித்தான் போடணும். பிள்ளைக்கு எட்டாது," என்றபடி பலவேசம் ஓடினான்.

தாழ்ப்பாள் திறந்திருந்தது.

கதவுக்கு வெளியே நான்கு படிகள். அதற்குக் கீழே வாய்க்கால். கடைசிப் படியில் உலகு உட்கார்ந்திருந்தது. கால் நனையாமல் பாவாடையை ஒழுங்காக மடித்துக்கொண்டு, தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயந்த மாதிரியே இல்லை.

பெருமாள் தாவிப் பிள்ளையைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

பிள்ளையின் தலையில் இரட்டைச் சடை இல்லை. ஒற்றைச் சடை. இறுக்கமாக, ஒரு பிசிர்கூட இல்லாமல் பின்னி, நுனியில் முடியாலேயே சுற்றி ஒரு முடிச்சு போட்டிருந்தது. இரண்டு சிவப்பு ரிப்பன்களும் மடித்துப் பிள்ளையின் உள்ளங்கையில் இருந்தன.

"நீயா பின்னிவிட்ட?" என்று மனைவியைக் கேட்டான்.

"இல்ல." குழல் தலையை ஆட்டினாள்.

அவன் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு வருஷமாக ஓயாத ஆள்காட்டி விரல் அதன்மேல் அசையாமல் நின்றது.

"முருகா," என்றாள் ஆவுடையம்மாள். "இது வடிவு போடுத முடிச்சுல்லா."

பலவேசம் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தான்.

"பலவேசம், உள்ள வேற ஆராவது இருந்தாங்களா?" என்று பெருமாள் கேட்டான்.

"இருந்தாகளே." அவன் குழலைப் பார்க்காமல் பேசினான். "காலைல கதவத் தொறந்ததுமே இந்தம்மா வந்துட்டாக. இதே பொடவ. அந்தத் தூங்குத பூவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாக. பெறகு வண்டியில இருந்து திரும்பவும் இவுகளே எறங்குதாக. எப்ப வெளிய போனாகன்னு நான் திகைச்சுப் போயிட்டேன். கேக்க வாய் வரல."

ஆவுடையம்மாள் குழலின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஏட்டி, உண்மையச் சொல்லு. கூப்பிட்டதும் திரும்பினியா?"

"இல்ல மதினி. ரெண்டு தடவ கூப்பிட்டா. நான் மூணாவதுக்குக் காத்துக்கிட்டு நின்னேன்."

"நல்ல வேளை. அதான் பிள்ள உசுரோட கெடைச்சுது."

"என்னக்கா நல்ல வேளை?" பெருமாளின் குரல் உடைந்தது. அக்காவிடம் அவன் சத்தம் போட்டுக் குழல் கேட்டதே இல்லை. "தண்ணிக்கு ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கா! பிள்ள அம்மான்னு கூப்பிட்டா திரும்புததுக்கு ஒண்ணு ரெண்டு மூணுன்னு என்ன கணக்கு?" பிறகு மனைவியைப் பார்த்தான். கோபத்தைவிட அதிகமாக அந்தப் பார்வையில் வேறொன்று இருந்தது. "ஒனக்கும் திரும்பணும்னு தோணலையா?"

தோன்றியதே. உடம்பு முழுக்கத் தோன்றியதே. அதை எந்த வார்த்தையில் சொல்வது?

* * *

திரும்பும் வழியில் உலகு அப்பா மடியில் தூங்கிவிட்டது. கீழ்வானம் வரை ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. காசிவிசுவநாதர் கோபுரம் மொட்டையாக அதில் நின்றது.

குழல் வழி நெடுக ஒன்றையே நினைத்தாள். பிள்ளை கூப்பிட்டது. தான் திரும்பவில்லை. யாரோ திரும்பினாள். திரும்பினவள்தானே அம்மா?

வீட்டுக்கு வந்தபோது இன்னும் விளக்கேற்றவில்லை. ஆவுடையம்மாள் அவசரமாகக் குத்துவிளக்கைத் துடைத்துத் திரி போட்டாள். "மொத வேலையா அந்தப் பொடவைய அவுத்து நனைச்சுப் போடு. எல்லாம் சரியாயிரும்."

குழல் உள்ளறைக்குப் போகத் திரும்பினாள். உலகு தூக்கம் கலைந்து அப்பாவின் தோளிலிருந்து இறங்கும் அரவம் கேட்டது. சின்னப் பாதங்கள் கூடத்தில் நடந்து வந்தன. அவளுக்குப் பின்னால் நின்றன.

"அம்மா."

ஒன்று.

ஆவுடையம்மாளின் கையில் எண்ணெய்க் கிண்ணம் அந்தரத்தில் நின்றது. "திரும்பாத! இன்னும் வெளக்கு ஏத்தல. ஏ குழலு, திரும்பிராதட்டி..."

குழல் திரும்பினாள்.

முழங்காலிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். போகிறது போகட்டும். வருகிறது வரட்டும். "என்ன தாயி?"

"ஒன்னத்தான் கூப்பிட்டேன்," என்றது உலகு. கண்ணுக்குள் பார்த்துச் சொன்னது. காற்றைப் பார்த்து இல்லை.

குழலுக்குக் கண்கள் நிறைந்து வழிந்தன. பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அவள் கைக்கு அந்த ஒற்றைச் சடை தட்டுப்பட்டது. பெருமாள் அருகில் வந்து நின்றான். அவன் கை தயங்கித் தயங்கி அவள் தோள்மேல் அமர்ந்தது.

"அந்த அம்மா சொல்லிச்சு," என்றது பிள்ளை, அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தபடி. "ஒன்னய அம்மான்னு கூப்பிடலாம்னு."

தோள்மேல் இருந்த கை கனத்தது.

"வேற..." குழல் பிள்ளையின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "வேற என்ன சொல்லிச்சு தாயி?"

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரணுமாம். சட பின்னிவிடுமாம்." உலகு கொட்டாவி விட்டது. "நான் மட்டும் வந்தாப் போதுமாம்."

ஆவுடையம்மாள் விளக்கை ஏற்றினாள். புடவையைக் களையலாம் இனி. குழல் எழுந்திருக்கவில்லை. பிள்ளையின் சடை நுனியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.